பரிசுச்சீட்டில் பரிசு எங்கே?

புறநானூற்றின் 208ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, பரிசிலும் பரிசுச்சீட்டும் ஒரே சொல்லா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பெருஞ்சித்திரனார் அதியமானை நாடிச் செல்கிறார். அவனோ நேரில் காணாமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் ஏற்க மறுக்கிறார். தம்மைக் கண்டு, தகுதி அறிந்து தருவது தினையளவாயினும் போதும் என்கிறார். ஆக, பரிசில் என்பதற்குள் கொடுப்பவனின் கண்ணும் பெறுபவனின் தகுதியும் அடங்கியிருக்கின்றன. பரிசும் பரிசிலும் உறவுச்சொற்களே. ஆனால் சீட்டைக் குலுக்குபவர் எவரையும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. பெருஞ்சித்திரனார் மறுத்ததற்கு அவர் விரும்பியதன் பெயரையே சூட்டியிருக்கிறோம்!

பிற மொழியினர் இவ்வாறு ஏமாறவில்லை. லாட்டரி என்பதன் வேர் ஜெர்மானியக் குடும்பத்து 'லாட்'. முடிவெடுப்பதற்காக இடும் மரத்துண்டு முதலியவற்றைக் குறித்து, பின் அதனால் கிடைக்கும் பங்கையும் குறித்தது. இலங்கைத் தமிழர் அதனை 'லொத்தர்' ஆக்கிக்கொண்டனர். 1967இல் அரசே சீட்டு நடத்தத் தொடங்கிய கேரளத்தில் அது 'பாக்கியக்குறி'. குறி என்பது நமக்கும் உரிய சொல்தான், நாம்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

நம்மிடம் 'குடவோலை' இருந்ததே எனலாம். குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சி அகநானூறு 77இல் உவமையாகவே வருகிறது (பிணத்தின் குடரைக் கழுகு இழுப்பதற்கு உவமை என்பதை வகுப்பில் சற்றுத் தயங்கியே சொல்வோம்). உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் முறையில், நிலமும் கல்வியும் 35 முதல் 70 வரை வயதும் உடையோர் பெயர் மட்டுமே குடத்துள் புகும். பிறகே ஏதுமறியாச் சிறுவன் ஓலை எடுப்பான். தகுதி முன்னே, குலுக்கல் பின்னே. நம் சீட்டுக்குத் தகுதி சட்டைப்பையில் இருக்கும் காசு ஒன்றே.

தமிழக அரசு 1968இல் பரிசுச்சீட்டைத் தொடங்கி, 2003இல் லாட்டரி விற்பனையையே தடை செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கள் தெரு நெசவாளர் ஒருவர் கூலி நாள்தோறும் ஒரு சீட்டு வாங்கினார். சூதாட்டம் என்று எவரேனும் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "சூதில்லை தம்பி, பரிசு" என்பார். உழைத்தவனுக்கு ஒருநாள் கிடைத்தே தீரும் என்ற நம்பிக்கையை அச்சொல்தான் அவருக்கு ஊட்டியது என்று இன்றும் கருதுகிறோம். அவர் மறைந்தபின் தறிமேட்டுப் பெட்டியில் கட்டுக்கட்டாகச் சீட்டுகள் இருந்தன. அடுப்பெரிக்கத்தான் பயன்பட்டன.

பேச்சுவழக்கு மட்டும் உண்மையை விடவில்லை. புலவன் பரிசில் 'பெற்றான்'. சீட்டுக்குப் பரிசு 'விழுந்தது'. விழுந்தால் வீட்டுக்கு என்று தொடங்கிய அக்கால விளம்பர வாசகமும் அவ்வினையைத்தான் பிடித்துக்கொண்டது. 'அதிர்ஷ்டம்' வடசொல் என்று ஒதுக்குவோர் உண்டு. அதன் நேர்ப்பொருள் 'காணப்படாதது'. பெருஞ்சித்திரனார் சினந்தது அதனையே அல்லவா?

மாணவருக்கு நாம் சொன்ன விடை: சொல் ஒன்றுதான், பொருள்தான் வேறு; நீ எழுதும்போது 'குலுக்கல் சீட்டு' என்றே எழுது.