பெயர்ப் பலகை யாரோடு பேசுகிறது?

மாளிகாவத்தையில் நமது கடைகளைப் பாருங்கள். ஒரு பலகையில் 786, இன்னொன்றில் பிறை, சாப்பாட்டுக் கடையில் ஹலால் என்ற சொல். இவை நமக்கு நன்கு விளங்கும். ஆனால் வாசலில் நிற்கும் சிங்கள, தமிழ் வாடிக்கையாளருக்கு என்ன விளங்குகிறது என்று நாம் கேட்பதில்லை.

குறியியல் என்றொரு துறை உண்டு. அமெரிக்க அறிஞர் சார்ள்ஸ் பேர்ஸ் (1839-1914) குறிகளை மூன்றாகப் பிரித்தார். பொருளைப் போலவே இருப்பது ஒன்று. சுவரில் மாட்டிய புரியாணிப் படம் போல. பொருளிலிருந்தே வருவது இரண்டாவது. சமையலறையிலிருந்து வரும் புரியாணி வாசனை போல. பழக்கத்தாலும் உடன்பாட்டாலும் மட்டுமே பொருள் பெறுவது மூன்றாவது. எண், எழுத்து, இலச்சினை போல. மூன்றாவது வகையைச் சொல்லித் தந்தால்தான் விளங்கும். சொல்லித் தராவிட்டால் வேறு யாராவது தமக்கேற்ற பொருளைச் சொல்லித் தருவார்கள்.

786ஐ எடுத்துக்கொள்வோம். பிஸ்மியின் அரபு எழுத்துகளுக்குரிய எண் பெறுமதிகளின் கூட்டுத்தொகை அது. அப்படி எழுதலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு விடயம். மியன்மாரில் இதே எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, 21 வருகிறது, 21ஆம் நூற்றாண்டில் நாட்டைக் கைப்பற்றும் திட்டம் இது என்று பரப்பினார்கள். அதற்குப் போட்டியாக 969 ஸ்டிக்கர்கள் கடைகளில் ஒட்டப்பட்டன; முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும்படி பிரசாரம் நடந்தது. பரக்கத் நாடி எழுதிய எண், மற்றவர் வாயில் சதியாக மாறியது.

நமது நாட்டிலும் அதுவே நடந்தது. ஹலால் இலச்சினை நமக்கு உணவின் உத்தரவாதம். ஏற்றுமதியாளருக்கு மத்திய கிழக்குச் சந்தையின் திறவுகோல். 2013 பெப்ரவரியில் மஹரகமவில் கூடிய பொது பல சேனா அதையே பெரும்பான்மை மக்கள்மீதான திணிப்பாகக் காட்டியது. அடுத்த மாதமே, உள்ளூர்ப் பொருட்களில் அந்த இலச்சினை கட்டாயமில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவிக்க நேர்ந்தது. 2014 ஜனவரி முதல் சான்றளிக்கும் பணி தனியான ஒரு நிறுவனத்திடம் சென்றது.

2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு சகோதரியின் உடையிலிருந்த கப்பல் சுக்கானைத் தர்மச் சக்கரம் என்று கருதி, அவரைக் கைதுசெய்து விளக்கமறியலில் வைத்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. பிழையாக வாசித்தவர்கள் வேறு. சிறை சென்றது அணிந்தவர். இந்த அநியாயத்தைச் சட்டத்தால்தான் எதிர்க்க வேண்டும். எந்த விளக்கப் பலகையும் அதைத் தடுத்திருக்காது.

ஆகவே பயந்து அடையாளங்களைக் கழற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. கழற்றினால், அதில் ஏதோ தப்பிருந்தது என்ற பொருளே மிஞ்சும். ஆனால் எஸ்எல்எஸ் முத்திரையைப் பாருங்கள். அதுவும் வெறும் இலச்சினைதான். அதன் பின்னால் எழுதப்பட்ட தரம் இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, அதன் பயன் எல்லோருக்கும் பொதுவானது. அதனால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

அந்த வழியில் நம்மால் செய்யக்கூடியவை உண்டு. சான்றிதழ் இல்லாமல் கையால் ஹலால் என்று எழுதி ஒட்டுவதை நிறுத்துவோம். சான்றிதழ் உள்ளவர்கள் காலாவதித் திகதி தெரியும்படி அதை மாட்டி, கீழே இரண்டு வரி விளக்கத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதுவோம். கேட்பவருக்குப் பதில் சொல்லக் கடைப் பையன்களையும் பழக்குவோம்.

786க்கோ பிறைக்கோ எந்தப் பரிசோதகரும் வருவதில்லை. அதற்குப் பொருள் தருவது நமது தராசும் பற்றுச்சீட்டும்தான். பிறை போட்ட கடையில் நிறை குறைந்தால், வாடிக்கையாளர் அந்தக் கடையை மட்டும் ஏசிவிட்டுப் போவதில்லை.