இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருப்பார்?

2025 அக்டோபர் 20, தீபாவளி தினம். நண்பகல் 12.18 மணி. நாடு பட்சணத்திலும் பட்டாசிலும் மூழ்கியிருந்தபோது, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் பின்னிரவு 2.48. அங்கே அமேசான் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் மையங்களில் ஒரு கோளாறு துவங்கியது. சற்று நேரத்தில் ஸ்னாப்சாட், கேன்வா, பெர்ப்ளெக்சிட்டி என்று உலகெங்கும் பல சேவைகள் தடுமாறின. எல்லாம் முழுமையாகச் சீரடையச் சுமார் 15 மணி நேரம் பிடித்தது.

காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். இணையத்தில் ஒவ்வொரு சேவையின் பெயருக்கும் ஒரு எண் முகவரி உண்டு. தொலைபேசி டைரக்டரி மாதிரி. அமேசானின் முக்கியமான டேட்டாபேஸ் சேவை ஒன்றின் டைரக்டரியைத் தானியங்கி புரோகிராம்கள் புதுப்பித்து வந்தன. ஒன்று தாமதமாகிப் பழைய பட்டியலை எழுதியது. மற்றொன்று, பழையதைக் கண்டால் அழிக்க வேண்டும் என்ற கடமை உணர்வோடு அதை அழித்தது. விளைவு, டைரக்டரியில் அந்தப் பக்கமே காலி. புரோகிராம்களால் தாங்கள் செய்ததைத் திருத்திக்கொள்ள முடியவில்லை. கடைசியில் மனிதர்கள்தான் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிறகு அந்தத் தானியங்கி ஏற்பாட்டை உலகம் முழுவதும் அமேசான் நிறுத்திவைத்தது.

இது செயற்கை நுண்ணறிவு செய்த வேலை அல்ல. பழைய பாணித் தானியங்கிதான். ஆனால் ஏ.ஐ. இப்போது நுழைந்துகொண்டிருப்பது சரியாக இந்த இடத்தில்தான். எழுதிய சாஃப்ட்வேரைப் பரிசோதித்து, சர்வர்களில் ஏற்றி, அது ஓடுகிறதா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். இந்தியாவைப் பொறுத்தவரை இது ஏதோ ஒரு தொழில்நுட்பச் சங்கதி அல்ல. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் ஒரு துறையின் அஸ்திவாரமே இதுதான்.

பெங்களூர், ஹைதராபாத், புனே, நொய்டா அலுவலகங்களில் இரவுப் பணி பார்த்தவர்களுக்கு இது தெரியும். எங்கோ ஒரு வங்கியின் சர்வரில் இடம் நிரம்பிவிடும். ஒரு 'டிக்கெட்' வரும். புதிதாகச் சேர்ந்த இளைஞர் அதை எடுப்பார். கையேட்டில் உள்ளபடி நான்கு கட்டளைகளை அடித்துப் பார்ப்பார். சரியாகாவிட்டால் அடுத்த நிலையில் இருப்பவரை எழுப்புவார். அவருக்கும் பிடிபடாவிட்டால் அதற்கும் மேலே. முதல் படியில் இருப்பவர் ஆயிரம் டிக்கெட்டுகளைப் பார்த்த பிறகு இரண்டாம் படிக்கு ஏறுவார். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இந்தியாவின் ஐ.டி. நிபுணர்களில் பெரும் பகுதியினர் தொழில் கற்றுக்கொண்டது இந்தப் படிக்கட்டில்தான்.

அந்த முதல் படியின் வேலையைத்தான் இயந்திரம் இப்போது எடுத்துக்கொள்கிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் கண்காணிப்புத் திரையில் ஒரே கோளாறுக்கு நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் கொட்டும். அவற்றில் எது மூலம், எது எதிரொலி என்று பிரித்துக் காட்ட முடியுமா என்ற முயற்சி பத்தாண்டுகளாக நடக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இது வேகம் பிடித்தது. இன்றைய கருவிகள் சர்வர் குறிப்பேடுகளைப் படிக்கின்றன. கடைசியாகச் செய்த மாற்றம் எது என்று தேடுகின்றன. 'இதனால்தான் இருக்கலாம், இப்படிச் செய்து பாருங்கள்' என்று இரண்டு பத்தியில் எழுதித் தருகின்றன. சில இடங்களில், அனுமதி கொடுத்தால், தாங்களே செய்தும் முடிக்கின்றன.

இதில் நன்மை இல்லை என்று சொல்பவர் இந்தத் தொழிலை அறியாதவர். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் புதிய சாஃப்ட்வேரை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. மனிதர்கள் ஏழில் ஏற்றிவிட்டு எட்டாவதை மறந்துவிட்டார்கள். அதில் தூங்கிக்கிடந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறக்கும் முன்பே, பிழையைச் சுட்டும் 97 தானியங்கி இமெயில்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சலிக்காமல் இமெயில் படிக்கும் ஓர் இயந்திரம் அன்று இருந்திருந்தால் அந்த நிறுவனம் பிழைத்திருக்கலாம்.

புரோகிராம் எழுதுவதிலும் லாபம் உண்டு. தன் நிறுவனத்தில் எழுதப்படும் புதிய புரோகிராம்களில் கால் பங்குக்கு மேல் ஏ.ஐ. உருவாக்கி, என்ஜினியர்கள் சரிபார்த்து ஏற்றவை என்று 2024 அக்டோபரில் கூகுளின் சுந்தர் பிச்சை சொன்னார். பழைய ஜாவா புரோகிராம்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை, ஒரு புரோகிராமுக்கு 50 ஆள்-நாட்கள் என்ற நிலையிலிருந்து சில மணி நேரமாகக் குறைந்துவிட்டது என்று அதே ஆண்டு ஆகஸ்டில் அமேசான் தலைவர் ஆண்டி ஜாசி அறிவித்தார். விற்பவர்கள் சொல்லும் கணக்கு என்று கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் மிச்சம் சிறியதல்ல.

ஆனால் வேகமாக எழுதுவது வேறு, கெடாமல் ஓடுவது வேறு. சாஃப்ட்வேர் நிறுவனங்களை ஆண்டுதோறும் ஆராயும் கூகுளின் டோரா குழு 2024ல் வெளியிட்ட முடிவு பலரைத் துணுக்குறச் செய்தது. ஏ.ஐ. பயன்பாடு 25 சதவீதம் கூடினால் சாஃப்ட்வேர் வெளியீட்டின் நிலைத்தன்மை 7.2 சதவீதம் குறைவதாக அது மதிப்பிட்டது. வேகமும் 1.5 சதவீதம் குறைந்தது. 2025 அறிக்கையில் வேகம் தேறிவிட்டது. நிலைத்தன்மை தேறவில்லை. ஒழுங்கான நிறுவனத்தின் ஒழுங்கையும் ஒழுங்கற்ற நிறுவனத்தின் குழப்பத்தையும் ஏ.ஐ. பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது அதன் சாரம்.

இதைவிடச் சங்கடமான செய்தி 2025 ஜூலையில் வந்தது. மெட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு அனுபவமிக்க 16 புரோகிராமர்களிடம், அவர்களுக்கு நன்கு பழக்கமான சாஃப்ட்வேரிலேயே 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏ.ஐ. உதவியோடு செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் ஆயிற்று. முடித்த பிறகு அவர்களிடம் கேட்டபோது, 20 சதவீதம் நேரம் மிச்சமானதாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். கருவிகளும் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கின்றன. ஆனாலும், வேகமாகப் போகிறோம் என்ற உணர்வை வைத்து வேகத்தை அளக்கக் கூடாது என்பதற்கு அது போதும்.

அதே மாதம் இன்னொரு சம்பவம். ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர் ரெப்லிட் நிறுவனத்தின் ஏ.ஐ. ஏஜென்ட்டைக் கொண்டு ஒரு சாஃப்ட்வேர் உருவாக்கிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக் கூடாது என்று உத்தரவிட்டிருந்த நேரத்தில், அது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் இருந்த உண்மையான டேட்டாபேஸை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. அதுவும் தவறு, மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். சோதனைக்கான டேட்டாபேஸையும் உண்மையான டேட்டாபேஸையும் தனித்தனியாக வைக்க ஏற்பாடு செய்தார். முதல் வருடப் பயிற்சியாளருக்கு எந்த அலுவலகமும் தராத சாவியை இயந்திரத்துக்குத் தந்திருந்தார்கள் என்பதுதான் இதில் பிரச்சினை.

கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று நாம் நேரில் பார்த்தோம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன ஃபைல் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. ஃபைலைப் பரிசோதிக்க ஒரு தானியங்கி இருந்தது. அதிலேயே பிழை இருந்ததால் 'சரி' என்று சொல்லிவிட்டது. முதலில் கொஞ்சம் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிப் பார்ப்பது என்ற வழக்கமும் அந்த வகை ஃபைலுக்கு இல்லை. தவறைக் கண்டு 78 நிமிடத்தில் ஃபைலைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் ஏற்கனவே முடங்கியவற்றில் பெரும்பாலானவற்றை ஒருவர் நேரில் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழித்துத்தான் எழுப்ப முடிந்தது. நமது விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் கவுன்ட்டரில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இந்த நிகழ்ச்சிகளுக்குப் பொதுவான ஓர் அம்சத்தை லிசன்னே பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983லேயே எழுதிவிட்டார். அவர் ஆராய்ந்தது ரசாயன ஆலைகள் போன்ற இடங்களில் இயந்திரங்களைக் கண்காணிப்பவர்களை. எளிதான வேலைகளை எல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத கடினமானதை மட்டும் மனிதருக்கு வைக்கிறோம். ஆனால் எளிதானதைத் தினமும் செய்துதான் கடினமானதைச் செய்யும் திறமை வருகிறது. சும்மா பார்த்துக்கொண்டே இருப்பவரின் கை மறந்துபோகும். ஆகவே தானியங்கி அதிகமாக அதிகமாக மனிதருக்கான பயிற்சியும் அதிகமாக வேண்டும் என்றார் அவர். சமவெளி முழுவதும் வண்டியைத் தானாக ஓடவிட்டு, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடி என்றால் எந்த டிரைவருக்கும் கை நடுங்கத்தான் செய்யும்.

நம் நிறுவனங்கள் போகும் திசையைப் பாருங்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் அந்த நிதியாண்டில் சுமார் 2 சதவீத ஊழியர்களை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு, மேல் நிலையில் இருப்பவர்கள். ஏ.ஐ.யால் அல்ல, திறன் பொருந்தாததால் என்பது நிர்வாகத்தின் விளக்கம். அது எப்படியோ இருக்கட்டும். நள்ளிரவுக் கோளாறுகளைப் பார்த்துப் பழகியவர்கள் மேலிருந்து இறங்குகிறார்கள். அவர்கள் இடத்துக்கு வர வேண்டியவர்கள் ஏறும் முதல் படியில் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பத்து வருடம் கழித்து மூன்றாம் படியில் யார் இருப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. ஒரு காலாண்டின் லாபக் கணக்கில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

ஏ.ஐ.யைத் தள்ளிவைப்பது இதற்குத் தீர்வல்ல. அது நடக்கவும் நடக்காது. செய்யக்கூடியவை வேறு. எந்த மாற்றமும், அதை எழுதியது யாராக இருந்தாலும், முதலில் சில கம்ப்யூட்டர்களில் ஓடிப் பார்த்த பிறகே எல்லாவற்றுக்கும் போக வேண்டும். யோசனை சொல்ல இயந்திரத்துக்குத் தாராளமாக அனுமதி கொடுக்கலாம். அழிக்கும் அதிகாரம் கூடாது. வெளியே போகும் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டால் இயந்திரத்தைப் பார்க்காமல் அவர் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பயிற்சி. அலுவலகங்களில் தீயணைப்புப் பயிற்சி நடத்துகிறோமே, அதுபோல மாதத்தில் ஒரு நாள் ஏ.ஐ. உதவியை அணைத்துவிட்டு, சோதனைக்கான சர்வரில் வேண்டுமென்றே ஒரு கோளாறை உண்டாக்கி, புதியவர்களிடம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மூத்தவர் இருக்கட்டும், வாயைத் திறக்காமல். இதற்கு ஆகும் செலவை வாடிக்கையாளர் தர மாட்டார் என்று நிறுவனங்கள் சொல்லும். வாடிக்கையாளர்களும் யோசிக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எத்தனை ஆட்களைக் குறைத்தீர்கள் என்று கேட்கும் வங்கி, கோளாறு வந்தால் எத்தனை பேருக்கு எங்கள் சிஸ்டம் தெரியும் என்றும் கேட்கட்டும்.

ஏனெனில் கடைசியில் பதில் சொல்லப்போவது அந்த வங்கிதான். அடிக்கடி சேவை தடைபட்டதற்காக, புதிய டிஜிட்டல் திட்டங்களைத் துவக்கக் கூடாது என்று 2020 டிசம்பரில் ஹெச்.டி.எஃப்.சி. வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அது முழுமையாக விலக 2022 மார்ச் வரை ஆயிற்று. கோளாறுக்குக் காரணம் சர்வரா, சாஃப்ட்வேரா, ஒப்பந்தக்காரரா என்பதெல்லாம் வங்கியின் உள்விவகாரம். நாளை 'ஏ.ஐ. ஏஜென்ட் செய்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காகிதத்தின் கீழே ஒரு மனிதர்தான் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

அந்தத் தீபாவளியன்று வர்ஜீனியாவின் காலி டைரக்டரியைக் கண்டுபிடித்துக் கையால் நிரப்பியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் அந்த வேலையை எப்போதோ, எங்கோ, சின்னச் சின்னக் கோளாறுகளைத் திருத்தித்தான் கற்றிருக்க வேண்டும். நம் ஊர் இளைஞர்களுக்கும் அந்தச் சின்னக் கோளாறுகளில் கொஞ்சத்தை விட்டுவைப்பது நல்லது.