சிம்பொனி ஒன்றும் பாஸ் மார்க் அல்ல

2025 மார்ச் 8. லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிய இரவு. தலைச்சோலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நண்பனின் செய்தி மலையேறி வந்துவிட்டது: "மச்சான், இப்பத்தான்டா ராஜா உலகத் தரத்துக்குப் போயிருக்காரு."

எனக்கு சிம்பொனி மேல் கோபமில்லை. அந்த 'இப்பத்தான்' மேல்தான்.

'அன்னக்கிளி' வந்தது 1976-ல். அன்றிலிருந்து அவர் போட்ட பாட்டெல்லாம் ட்யூஷன் கிளாஸ், லண்டனில் எழுதியதுதான் பரீட்சை என்கிறது அந்தச் சொல். "சினிமாப் பாட்டுதானே" என்று உதட்டைப் பிதுக்குகிறவரைப் பார்த்தால் நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "சினிமாவைத் தாண்டிட்டாரு" என்று கொண்டாடுகிறவரைத் தோளில் தட்டிக் கொடுக்கிறோம். ரெண்டு பேரும் சொல்வது ஒன்றுதான்: சினிமாப் பாட்டு கீழே, சிம்பொனி மேலே.

இந்த ஏணியில் ஏறப் பார்த்த இன்னொருவர் அஸ்தோர் பியாசோலா. அர்ஜென்டினாக்காரர், 1921-ல் பிறந்தவர். டாங்கோ குழுக்களில் பாண்டோனியன் வாசித்துப் பிழைத்தவர். பாண்டோனியன் என்பது நம்ம ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம், மடியில் வைத்து இழுத்து வாசிக்கும் துருத்திப் பெட்டி. 1954-ல் பாரிஸ் போய் நாதியா பூலான்ஷேவிடம் சேர்ந்தபோது, தான் எழுதிய 'சீரியஸ்' இசைத்தாள்களைக் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு போனார். டாங்கோ வாசித்த கதையை மட்டும் மறைத்தார். வெட்கம். தாள்களைப் புரட்டிய அந்த அம்மா, இதில் ஸ்ட்ராவின்ஸ்கி இருக்கிறார், பார்டோக் இருக்கிறார், பியாசோலாவைத்தான் காணோம் என்றார். பிறகு விடாமல் கேட்டு ஒரு டாங்கோவை வாசிக்க வைத்தார். நீ இருப்பது இங்கேதான், இதை விட்டுவிடாதே என்றார். பின்னாளில் பியாசோலாவே சொன்ன கதை இது.

ஊர் திரும்பி அவர் செய்த டாங்கோவைக் கேட்ட பழைய ஆட்கள், டாங்கோவைக் கொன்னுட்டான்யா என்று கத்தினார்கள். அவர் நிறுத்தவில்லை. 1974-ல் வந்த 'லிபர்டாங்கோ'வைக் கேளுங்கள். அடியில் ஓடுவது எட்டு எண்ணிக்கை: மூணு, மூணு, ரெண்டு. தகிட தகிட தக. தொடையில் தட்டிப் பார்க்கலாம், வந்துவிடும். 'ஒப்லிவியன்' உலகத்துக்குத் தெரியவந்தது 1984-ல் வந்த பெல்லோக்கியோவின் படம் ஒன்றின் வழியாக. ஆமாம், படத்தில் வந்த இசை. இன்று கச்சேரி மண்டபங்களில் கோட் போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். 1978, 'சிட்டுக்குருவி', 'என் கண்மணி' பாட்டு. எஸ்.பி.பி., சுசீலா. கவுண்டர்பாயின்ட் என்று மேற்கத்திய சங்கீதத்தில் ஒன்று உண்டு. ரெண்டு மெட்டு ஒரே நேரத்தில் தனித்தனி வழியில் நடக்கும், ஆனால் இடித்துக்கொள்ளாது. பாக் அதில் ராஜா. நம்ம ராஜா அதைக் கொண்டுபோய் வைத்த இடம் ஒரு டவுன் பஸ்! ஒரு குரல் பாடிக்கொண்டிருக்கும்போதே அதே குரல் இன்னொரு வரியோடு குறுக்கே வரும். நடுவில் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேரைச் சொல்லி ஆளை இறக்குவார். கவுண்டர்பாயின்ட் என்ற பேரே தெரியாத லட்சக்கணக்கான பேர் அதை முணுமுணுத்தார்கள். இதைவிடப் பெரிய பரீட்சை என்ன இருக்கிறது?

"சினிமாப் பாட்டுக்கு எல்லை உண்டு. சிச்சுவேஷன், டைரக்டர், அஞ்சு நிமிஷம்" என்பான் நண்பன். உண்டுதான். லைப்ஸிக்கில் பாக்கும் ஞாயிறு ஆராதனைக்கு வாராவாரம் சரக்கு கொடுத்தவர்தான். எல்லையும் கெடுவும் இல்லாத இடத்தில்தான் கலை பிறக்கும் என்று யார் சொன்னது?

ராஜாவே சிம்பொனிக்கு ஆசைப்பட்டார், அது உண்மை. ஆசைப்படட்டும், எழுதட்டும், நானும் உட்கார்ந்து கேட்பேன். பியாசோலாவும் 1979-ல் ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு கான்செர்ட்டோ எழுதினார். ஆனால் நடுவில் பாண்டோனியனைத்தான் உட்கார வைத்தார். இந்தத் தடவை அதை அவர் மறைக்கவில்லை. மறைத்துக்கொண்டிருப்பது நாம். பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்டு வளர்ந்ததை, வெளிநாட்டு மேடையின் ரசீது வந்த பிறகுதான் பெருமை என்று ஒப்புக்கொள்கிறோம்.

நண்பனுக்கு அன்றே பதில் தட்டினேன், சிக்னல் போய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். சேலத்திலிருந்து ஏற்காடு பஸ் பிடித்து வா மச்சான். 20 கொண்டை ஊசி வளைவு. ஹெட்போனில் 'என் கண்மணி'யைப் போட்டு, எந்தக் குரல் எங்கே புகுந்து எங்கே வெளியே வருகிறது என்று மட்டும் கவனி. கடைசி வளைவுக்குள் பிடிபடவில்லை என்றால் திருப்பிப் போடு.

மேலே வந்து இறங்கியதும் அந்த 'இப்பத்தான்' பற்றிப் பேசுவோம்.