இராதாகிருட்டிணனாரும் தமிழ் மெய்யியலும்

ஒவ்வோராண்டும் செப்தம்பர் 5ஆம் நாள் வந்துவிட்டால் செல்லூர்த் தறித்தெரு முதல் செங்கோட்டை வரை பள்ளிதோறும் இராதாகிருட்டிணனார் படத்திற்கு மாலை விழுகின்றது. நன்று. ஆனால் அப் பெருமகனார் எதனை எழுதினார், எம்மொழியில் எழுதினார், அதில் தமிழர் சிந்தனைக்கு எவ்வளவு இடந்தந்தார் என்று கேட்பாரைத்தான் காணோம்.

1888இல் திருத்தணியில் தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். (1953இல் ஆந்திரத்தோடு போய், எல்லைப் போராட்டத்தின் பின் 1960இல் தமிழகத்திற்கு மீண்ட அதே திருத்தணிதான்.) உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கைமாற்றிய நூல்களே அவரை மெய்யியலுக்கு இழுத்தன என்பர். வறுமை தேர்ந்து கொடுத்த பாடம் அது! சென்னைக் கிறித்துவக் கல்லூரியில், இந்நாட்டு மெய்யியலில் அறத்திற்கு இடமில்லை என்னும் வெள்ளையர் பழிப்பு அவர் நெஞ்சைச் சுட்டது. அதற்கு விடையாகவே 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி முதுகலை ஆய்வேடு எழுதினார். அப்பொழுது அகவை இருபது. அந்த மானவுணர்ச்சியை இகழ்பவர் நேர்மையற்றவர்.

பின்னர் அவர் ஏறிய படிகள் பலரறிந்தவை. 1909இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா, 1936இல் ஆக்கசுபோர்டு. மைசூரை விட்டுப் பிரிந்தபோது மாணவர்களே அவர் வண்டியைத் தொடர்வண்டி நிலையம் வரை இழுத்துச் சென்றனர். ஆந்திரத்திலும் காசியிலும் துணைவேந்தர். 1962இல் குடியரசுத் தலைவர்.

அவருக்கு உலகப் புகழ் தந்த ‘இந்திய மெய்யியல்’ 1923இலும் 1927இலும் இரு மடலங்களாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் சங்கரருக்குத் தனி இயல் உண்டு, நெடிய இயல். மெய்கண்டார் மரபுக்கோ தனி இயல் இல்லை. சிவனியம், சாத்தம், பிற்கால மாலியம் மூன்றையும் ஒரே இயலுள் அடைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டே நூற்பாக்களில் ஒரு மெய்யியலை நிறுவியவனுக்கு, பங்காளிகளோடு பகிர்ந்த திண்ணைதான் வாய்த்தது. இந்தியத்தை ஐரோப்பியர் புறந்தள்ளியபோது கொதித்தவர், இந்தியத்திற்குள் தமிழ் ஒதுங்கி நிற்பதைக் காணாமற் போனார்.

அவரை மட்டும் குறை சொல்வது எளிது. தமிழர் செய்தது என்ன? அருணந்தியின் சிவஞானசித்தியாருக்குத் தமிழில் ஆறு உரைகள் உள. அவற்றை ஆய்ந்த சென்னைப் பல்கலைக்கழகத்து வ.ஆ. தேவசேனாபதியாரின் அரிய நூல் 1960இல் வெளிவந்தது, ஆங்கிலத்தில்! தமிழ்நூல், தமிழுரை, தமிழாசிரியர். ஆய்வு மட்டும் அயன்மொழி. உழைப்பில் குறையில்லை, பல்கலைக்கழகங்களின் பழக்கத்தில் குறை.

மெய்யியலைச் சொல்லத் தமிழில் சொல்லில்லை என்பார்க்கு மதுரையே மறுமொழி. மணிமேகலை பாடிய சாத்தனார் இவ்வூர்க் கூலவாணிகர். நெல்லும் பயறும் விற்றவர், பல சமயத்தார் கோட்பாடுகளை ஒரு காதையில் வரிசையாக எடுத்துரைத்தார். இன்னொரு காதையில் மலை, புகை, நெருப்பு, அட்டில் என்று காட்டி அளவையியலையே நடத்தினார்.

இதில் ஒரு வியப்பு உண்டு. 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவர் இதே இராதாகிருட்டிணனார். உயர்கல்வியில் ஆங்கிலத்தை இயன்ற விரைவில் அகற்றி இந்திய மொழியொன்றை அமர்த்துக, அது சமற்கிருதமாக இருத்தல் இயலாது என்று அக் குழு 1949இல் பரிந்துரைத்தது. நடுவணரசின் மொழிக்கும் அது கதவு திறந்து வைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப் பகுதி தமிழர் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் ஆங்கிலம் அகலட்டும் என்று கையெழுத்திட்டவர், அம்மொழியிலேயே வாழ்நாளெல்லாம் எழுதிய மெய்யியற் பேராசிரியர். அவர் படத்திற்கு மாலையிடும் துணைவேந்தர்கள் அவ் அறிக்கையின் அப் பக்கத்தைப் படித்து, வரும் கல்வியாண்டிலேனும் மெய்யியல் ஆய்வேடுகளைத் தமிழில் எழுதுமாறு மாணவர்க்கு அறிவிக்கட்டும்.