முயலின் உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள்

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காளை பிடிக்கும் விவசாயி பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், பிறகு குனிந்து குளம்பைப் பார்ப்பார். பத்தடி நடக்கவிட்டும் பார்ப்பார். கால் சரியில்லாத மாட்டைச் சும்மா கொடுத்தாலும் ஓட்டிக்கொண்டு வரமாட்டார். அதே விவசாயி ஒரு சோடி முயலோ, பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் சீமைப்பெருச்சாளியோ வாங்கும்போது நிறத்தையும் காதையும் மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்து விடுகிறார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

செல்லப் பிராணியின் கால் புண்ணுக்கும் விவசாயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரங்களில் ஒருவர் காட்டிலும் ஒருவர் பனியன் கம்பெனியிலும் பாடுபடும் குடும்பங்கள் பல. மாடு வைத்துப் பராமரிக்க ஆள் இல்லாத வீட்டில், வாசலோரம் இரண்டு கூண்டு வைத்துக் குட்டிகளை விற்றுக் கைச்செலவுக்குப் பார்த்துக்கொள்வது எளிது. அந்தச் சிறு வருவாயை ஓசையின்றிக் கரைப்பது இந்தக் கால் புண்தான். காலில் வலியுள்ள பெண் முயல் தீனி எடுக்காது, பால் குறையும், குட்டிகள் வற்றிப்போகும். பின்னங்கால் புண்ணான ஆண் முயல் இனச்சேர்க்கைக்கு மறுக்கும். உரிமையாளரோ சினை பிடிக்கவில்லை என்று தீனியைக் குறை கூறிக்கொண்டிருப்பார்.

நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல் முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது. அடர்ந்த மயிர்தான் அதற்குச் செருப்பு. அந்த மயிர் தேய்ந்துவிட்டால் தோல் நேராகத் தரையில் படும். சீமைப்பெருச்சாளிக்கோ உள்ளங்காலில் மயிரே இல்லை. உடல் எடை ஒரே இடத்தில் அழுந்தி, அங்கே சிறுநீரின் ஈரமும் சேர்ந்தால் தோல் சிவந்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் சீழ்க் கிருமி புகுந்துகொள்கிறது. மழைக்காலத்தில் சேறான பட்டியில் ஆட்டுக்கு வரும் குளம்பழுகலில் கிருமி வேறு என்றாலும், அதற்கு வழி திறந்துவிடுவது இதே ஈரம்தான். பல்லடம் பகுதிக் கறிக்கோழிப் பண்ணையாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆழ்கூளம் ஈரமானால் கோழியின் பாதம் வெந்துபோகும் என்பதை அறிந்து, அவர்கள் கூளத்தைத் தவறாமல் கிளறி விடுகின்றனர்.

ஆகவே, கால் புண் தரையால் வருவது. மருந்துக் கடைக்குப் போகும் முன் கூண்டின் அடியைப் பார்ப்பதே முறை.

முயலைக் கம்பி வலைத் தரையில் வளர்க்கச் சொல்வதற்குத் தக்க காரணம் உண்டு. புழுக்கை கீழே விழுந்துவிடுவதால் ரத்தக்கழிச்சல் நோய் கட்டுப்படுகிறது. எனவே வலையை அடியோடு எடுத்துவிடச் சொல்வது அறிவுடைமையாகாது. ஆனால் 4, 5 கிலோ எடைக்கு வரும் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் போன்ற இன முயல்கள் இரவும் பகலும் மெல்லிய கம்பியின்மேல் உட்கார்ந்திருந்தால் கால் என்னவாகும்? கூண்டின் ஒரு மூலையில் முயல் முழு உடலையும் நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு பலகை போட்டால் போதும். இரண்டு பலகைகளாக வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழுவி வெயிலில் காய வைக்கும்போது மற்றதைப் போடலாம். துருவேறிய கம்பியையும், நுனி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டுக்கம்பியையும் அன்றே மாற்ற வேண்டும்.

சீமைப்பெருச்சாளிக்குக் கம்பித் தரை கூடவே கூடாது. அதன் சிறு கால் வலைக்கண்ணில் சிக்கி எலும்பே முறியும். முயல் கூண்டையே இதற்கும் தள்ளிவிடும் வியாபாரிகளிடம் விவசாயிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இதற்கு வேண்டியது சமமான கெட்டித் தரையும், அதன்மேல் தடிமனான காய்ந்த படுக்கையுமே. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் விளையும் கொழுக்கட்டைப் புல்லைப் பூக்கும் முன் அறுத்து உலர்த்தினால், அதுவே படுக்கையுமாகும், தீனியுமாகும். பூசணம் பிடித்த கடலைக்கொடியையும் தொலியையும் மட்டும் கூண்டருகே கொண்டுவரக் கூடாது. அந்தப் பூசண நஞ்சைத் தாங்கும் சக்தி இவ்விரு பிராணிகளுக்கும் இல்லை.

இந்த ஊருக்கே உரிய பழக்கம் ஒன்று உண்டு. பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைப்பதால் அதை அள்ளிக் கூண்டில் போடுகின்றனர். மெத்தென்று இருப்பதால் காலுக்கு நல்லது என்பது எண்ணம். இதில் இரண்டு கேடுகள் உள்ளன. வெட்டிய விளிம்பிலிருந்து பிரியும் நூல் விரலில் சுற்றிக்கொண்டு இறுகினால், ரத்த ஓட்டம் நின்று விரலே அழுகி விழும். மேலும், பருத்தித் துணி சிறுநீரை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மேலே பார்க்க மெத்தை, உண்மையில் அது ஈரப் பொதி. மேல்நாடுகளில் சீமைப்பெருச்சாளி வளர்ப்போர் துணி விரிப்பதும் உண்டுதான். ஆனால் அவர்கள் விரிப்பது ஃபிளீஸ் என்னும் பாலியெஸ்டர் பின்னல் துணி. அது ஈரத்தைக் கீழே இறக்கிவிட்டு மேற்புறம் உலர்ந்திருக்கும். ஈரத்தை உறிஞ்ச அடியில் வேறு விரிப்பு இடுகிறார்கள். வீட்டிலேயே தையல் இயந்திரம் இருக்கும் திருப்பூரில், ஃபிளீஸ் துண்டின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொள்வது பெரிய காரியமன்று. உதறி, துவைத்து, நன்கு காய்ந்த பின் போட வேண்டும். நூல் பிரிந்த துண்டு எதுவானாலும் கூண்டுக்கு ஆகாது.

தரையைச் சரிசெய்த பின்னும் சீமைப்பெருச்சாளியின் கால் ஆறவில்லையானால் தீனியைக் கவனிக்க வேண்டும். மனிதனைப் போலவே இப்பிராணிக்கும் வைட்டமின் சி சத்தைத் தன் உடலில் உற்பத்தி செய்யும் ஆற்றல் கிடையாது. 1907-ல் நார்வே நாட்டு அறிஞர்கள் ஹோல்ஸ்ட், ஃபிரோலிச் இருவரும் தானியத்தை மட்டும் தின்ற சீமைப்பெருச்சாளிகளுக்கு, கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோயே வருவதைக் கண்டனர். இச்சத்துக் குறைந்தால் மூட்டு வீங்கும்; பிராணி நொண்டும்; புண் ஆறாது. முயலுக்கு இந்தக் குறை இல்லை. ஆதலால் முயல் தீவனத்தில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. அதே தீவனத்தை வாங்கிச் சீமைப்பெருச்சாளிக்கும் கொட்டுவதே நம்மிடையே நடக்கும் பெருந்தவறு.

இதற்காக மாத்திரை வாங்கி அலைய வேண்டாம். மூலனூர்ப் பக்கம் முருங்கை இல்லாத காடு ஏது? காய்க்கு விலை கிடைக்காத நாளிலும் இலைக்கு மதிப்பு உண்டு. 100 கிராம் பச்சை முருங்கையிலையில் 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உள்ளது. நலமான பிராணிக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் போதுமாதலால், ஒரு சிறு கொத்தும் ஒரு கொய்யாத் துண்டும் கொடுத்தால் தேவை தீர்ந்துவிடும். முருங்கையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால், கீரையாகவே நாள் முழுவதும் கொடுத்தால் சிறுநீர்க்கல் உண்டாகலாம். உலர்த்திய இலையில் இந்தச் சத்து பெரும்பகுதி போய்விடுவதால் அன்றன்று பறித்துக் கொடுப்பதே நன்று.

மருந்து விஷயத்தில்தான் அதிகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. ஆட்டுக்கு வாங்கி மீந்த மருந்தையும், பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த அமாக்சிசிலின் மருந்தையும் கரைத்து வாயில் ஊற்றிவிடுகிறார்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், முயல், சீமைப்பெருச்சாளி இரண்டுக்கும் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, கழிச்சல் கண்டு சில நாட்களில் இறந்துவிடும். சீமைப்பெருச்சாளிக்கு இம்மருந்து ஊசியாகப் போனாலும் ஆபத்தே. கால் புண்ணோடு பிழைத்திருக்க வேண்டிய பிராணி மருந்தால் சாவது எத்தகைய கொடுமை! எந்த மருந்து ஆகும் என்பதைக் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது குறைவே. தோல் சிவந்து மயிர் உதிர்ந்த நிலையில், தரையை மாற்றினாலே பெரும்பாலும் குணமாகிவிடும். சிறு புண் இருந்தால், பொவிடோன் அயோடின் மருந்தை வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்துக் கழுவி, ஈரம் போக ஒற்றியெடுக்கலாம். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. கால் உருண்டு வீங்கினாலும், சீழ் கண்டாலும், பிராணி தீனியை விட்டாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கிருமி எலும்பைத் தொட்டுவிட்டால் பிழைப்பு அரிது. பிழைத்தாலும் இனவிருத்திக்கு ஆகாது. மிகவும் கொழுத்த பிராணிக்கு எடையே பகையாதலால், அடர்தீவனத்தைக் குறைத்துக் காய்ந்த புல்லைக் கூட்ட வேண்டும்.

வாரம் ஒரு நாள், கம்பெனி விடுமுறையான ஞாயிறன்று பார்ப்பதென்று வைத்துக்கொள்ளலாம். முயலை மடியில் அணைத்து, பின்புறத்தைக் கையால் தாங்கி, நான்கு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. நகம் நீண்டு வளைந்திருந்தால் பாதம் சாய்ந்து, எடை முழுவதும் குதிகாலில் விழும். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு முன்னால் சிறிது விட்டு வெட்டலாம். கருப்பு நகமாயின் பின்னாலிருந்து டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, நுனியை மட்டும் எடுத்தால் போதும்.