முதலில் பிரிவைப் பார், பிறகு காரைப் பார்

 பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி மூன்றாம் இடம் பிடித்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. அந்த மூன்றாம் இடம் அந்த அணி ஓடிய பிரிவில் கிடைத்த இடம். அதே தடத்தில் அதே நேரத்தில் அதைவிட வேகமான ஜிடி3 கார்களும் ஓடின, மெதுவான கார்களும் ஓடின. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு, தனி மேடை. அதனால் அந்த வெற்றியின் மதிப்பு துளியும் குறையவில்லை. சமமானவர்களோடு மோதி வாங்கியதுதான் பரிசு.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நம் பள்ளியில் படித்து இன்று ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் போன் செய்தான். "சார், ரேஸ்ல இறங்கப் போறேன். இன்ஜின் எல்லாம் ஏத்தி வச்ச பழைய ஹோண்டா சிட்டி ஒண்ணு விலைக்கு வருது. வாங்கிடட்டுமா?" சேமிப்பு மொத்தமும் போய், மேலே கடனும் வாங்க வேண்டுமாம். எந்தப் பிரிவில் ஓட்டப் போகிறாய் என்று கேட்டேன். "அதை அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்றான். இந்த ஆசை இன்னும் சில பேருக்கு இருப்பது எனக்குத் தெரியும். எனவே எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

உடற்கல்வி ஆசிரியருக்குக் கார் பந்தயத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்த நாளில் சோழவரம் போய்ப் பந்தயம் பார்த்தவன் நான். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருடா வருடம் பந்தயம் நடத்தியது. இன்று அவர்களின் களம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கிலோமீட்டர் தடம். அது மட்டுமல்ல. 14, 17, 19 வயது என்று பிள்ளைகளைப் பிரித்து ஓடவிட்டதும், கபடிக்கு எடை மிஷினில் ஏற்றி இறக்கியதும்தானே என் பிழைப்பு? ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பிளஸ் டூ பையனோடு நிறுத்தினால் அவன் தோற்பான். தோற்பதுகூடப் பரவாயில்லை. எதனால் தோற்றோம் என்று அவனுக்குத் தெரியாமலே போய்விடும். அதுதான் நஷ்டம்.

நம் தேசியப் போட்டிகளில் உள்ள பிரிவுகளை எளிமையாகச் சொல்கிறேன். மூடிய கார்களில் மேலே இருப்பது இந்தியன் டூரிங் கார்ஸ். காரை அதிகமாக மாற்றியமைக்க இடமுள்ள பிரிவு. அதற்குக் கீழே இந்தியன் ஜூனியர் டூரிங் கார்ஸ். மாற்றங்கள் குறைவாக அனுமதிக்கப்படுவது சூப்பர் ஸ்டாக். ஒற்றை இருக்கைக் கார்களில் கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரில் ஓடும் ஃபார்முலா எல்.ஜி.பி. எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டகம், ஒரே மாதிரி 1300 சிசி மாருதி சுசுகி இன்ஜின், ஒரே டயர். 2010இல் தொடங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ கோப்பையும் இதே வழியில் வந்ததுதான். கம்பெனியே ஒரே மாதிரி கார்களைத் தயார் செய்து கொடுத்தது. ஓட்டுவது மட்டும் அவரவர் பாடு.

தம்பி வாங்க நினைத்த கார் மேல் பிரிவுக்குத்தான் பொருந்தும். "பவர் அதிகம் சார்" என்கிறான். அந்தப் பிரிவில் அவனைவிடப் பணமும் பத்து வருட அனுபவமும் உள்ளவர்கள் நிற்பார்கள். ஒரு கணக்குப் போடுவோம். முன்னணிக்காரர் ஒரு சுற்றை 1 நிமிடம் 50 விநாடியில் முடிக்கிறார், புதியவன் 2 நிமிடம் 10 விநாடியில் முடிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு 20 விநாடி வித்தியாசம். எட்டுச் சுற்றுப் பந்தயத்தில் ஏழாவது சுற்றை அவர் முடிப்பதற்குள் இவனை ஒரு முழுச் சுற்று முந்திவிடுவார். நீலக் கொடி காட்டுவார்கள், இவன் ஒதுங்கி வழிவிட வேண்டும். பந்தயம் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தபடியே ஓட்டிவிட்டு வருவதற்கா இத்தனை கடன்?

அதே பையன், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் சுற்றுக்கு நான்கு விநாடி மட்டுமே வித்தியாசம் உள்ள பிரிவில் ஓட்டட்டும். எட்டுச் சுற்று முடிவில் கடைசி ஆள்கூட 32 விநாடிதான் பின்னால் இருப்பான். முன்னும் பின்னும் எப்போதும் யாராவது இருப்பார்கள். எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், வளைவை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துக் கற்கலாம். கார் ஒன்றே என்பதால் பின்தங்கினால் காரணம் பெரும்பாலும் தன்னிடம்தான் இருக்கும். பன்னிரண்டாம் இடத்திலிருந்து பதினொன்றாம் இடத்துக்கு வந்தால் அது உண்மையான முன்னேற்றம். தனியாக ஓடி முதலிடம் வாங்குவதைவிட அதுதான் பெரிது என்பேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கோவைக்காரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கினார். நம் வீட்டுக் காரின் 796 சிசி இன்ஜின்தான். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அதில். 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் அவர். 2010இல் அங்கே போன சென்னை கருண் சந்தோக் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். சின்ன இன்ஜின் அவர்கள் யாரையும் சின்னவராக்கவில்லை. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் இன்று ஒரு பந்தயத் தடமே இருக்கிறது.

இங்கிலாந்தில் கேட்டர்ஹாம் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி, பந்தயமே ஓட்டாதவர்களுக்கு மட்டும் என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கார். அனுபவம் உள்ளவனுக்கு உள்ளே இடமே கிடையாது. அமெரிக்காவில் மஸ்டா மியாட்டா என்ற சிறிய காரை ஒரே விதிக்குள் கட்டி, கூட்டம் கூட்டமாக ஓட்டுகிறார்கள். பணம் கொழிக்கும் நாட்டுக்காரர்களே தொடக்கக்காரனுக்கு இந்த வழியைத்தான் வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கி வரும் நமக்கு அது இன்னும் எவ்வளவு அவசியம்!

பிரிவைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் சோதனை நான்கு. ஒன்று, போன சீசனில் அந்தப் பிரிவில் எத்தனை கார் நின்றது? ஐந்தாறுதான் என்றால் வேண்டாம். இரண்டு, முடிவுப் பட்டியலில் முதல் ஆளுக்கும் நடு ஆளுக்கும் எவ்வளவு இடைவெளி? மூன்று, ஒரு பந்தயத்தில் இடித்துவிட்டால் அடுத்த பந்தயத்துக்குள் உதிரி பாகம் கிடைக்குமா, அந்தச் செலவைத் தாங்க முடியுமா? நான்கு, காரை வாங்காமல் ஒரு அணியிடம் சீசனுக்கு வாடகைக்கு எடுக்க முடியுமா? கார் விலை என்பது முதல் செலவு மட்டும்தான் தம்பி. டயர், பெட்ரோல், மெக்கானிக், நுழைவுக் கட்டணம், தீப்பிடிக்காத உடை, ஹெல்மெட் எல்லாம் பின்னாலேயே வரிசையில் நிற்கும்.

"எனக்கு மூடிய கார்தான் பிடிக்கும், நானே கழற்றி மாட்டணும்" என்பவர்களும் உண்டு. தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனுக்கு அது நியாயமான ஆசைதான். அவர்களுக்குச் சூப்பர் ஸ்டாக் இருக்கிறது. "சாதாரண காரில் ஓட்டினால் யார் மதிப்பார்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களுக்குத் தேவை பந்தயம் அல்ல, செல்ஃபி.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "முதலில் நம்ம மலை ரோட்டில் பழகிக்கிறேன்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். போளூரிலிருந்து ஏறினாலும் ஆலங்காயத்திலிருந்து ஏறினாலும் வளைவுகள் என்னவோ பந்தயத் தடம் போலத்தான் தெரியும். ஆனால் தடத்தில் எதிரே பஸ் வராது, மாடு வராது, விறகுக் கட்டோடு யாரும் நடந்து வரமாட்டார்கள். தடத்தில் சிவப்புக் கொடியும் ஆம்புலன்ஸும் டாக்டரும் காத்திருப்பார்கள். நம் வளைவில் யார் காத்திருக்கிறார்கள்? கோடை விழாக் கூட்டத்தில் வண்டியைச் சீறவிடும் பிள்ளைகளைப் பார்த்தாலே என் அடிவயிறு கலங்குகிறது. வேகம் வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே போங்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். இந்த வருடம் யாரும் கார் வாங்க வேண்டாம். பந்தயம் நடக்கும் சனி ஞாயிறுகளில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். முடிந்தால் கொடி காட்டும் மார்ஷலாகச் சேர்ந்து ஓரத்தில் நின்று பாருங்கள். பிறகு அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் லைசென்ஸ் எடுங்கள். அடுத்த சீசனில் எல்.ஜி.பி. காரை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். சீசன் முடிவில் ஆசையும் கையில் காசும் மிச்சம் இருந்தால் சொந்தக் கார் பற்றிப் பேசலாம். கடன் வாங்கி அல்ல.

பந்தயத்தில் உள்ள பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தம்பிகளுக்கு உதவும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை ரேஸ் என்றதும் திட்டாதீர்கள். "எந்தப் பிரிவுப்பா?" என்று கேளுங்கள். யோசித்து வைத்தவன் பதில் சொல்வான், யோசிக்காதவன் யோசிக்கத் தொடங்குவான்.

எல்லோரும் நலமாக இருங்கள். ஹெல்மெட் போடுங்கள்.