செவிக்கு இசைந்த கட்டடம்

கட்டடம் எழுப்புவோர் கண்ணுக்கு அளிக்கும் மதிப்பில் ஒரு பங்கேனும் செவிக்கு அளிப்பதில்லை. உயர்ந்த கூரையையும் வழவழப்பான சுவரையும் கண்டு வியப்போர், அங்கே ஒருவர் பேசினால் கடைசி இருக்கையில் உள்ளவர்க்குத் தெளிவாகக் கேட்குமா என்று வினவுவதில்லை. சொல் கேளாத வகுப்பறை கல்வி பயிற்றாத வகுப்பறையே. இக்குறையை நீக்கப் பெரும்பொருள் வேண்டும் என்பர் சிலர். பொருளினும் ஆராய்ச்சியே முதற்கண் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு செயல் சான்றாகும்.

1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் இருந்த புதிய விரிவுரை மண்டபம் பயனற்றுக் கிடந்தது. அங்கு எழுந்த ஒலி அடங்க ஐந்தரை வினாடிக்கு மேலாயிற்று. அதற்குள் பேசுவோர் மேலும் பல சொற்களைக் கூறிவிடுவார். முன்சொல்லும் பின்சொல்லும் கலந்து வெறும் முழக்கமாகும். இதனைத் தீர்க்கும் பணி வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பெற்றது.

மண்டபத்தின் குறுக்கே கம்பிகளைக் கட்டினால் முழக்கம் அடங்கும் என்று அக்காலத்தில் பலர் நம்பினர். சபைன் அந்நம்பிக்கையைப் பின்பற்றவில்லை. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து, சிறிது சிறிதாக மண்டபத்தில் பரப்பினார். ஒவ்வொரு முறையும் ஆர்கன் குழல் ஒன்றை ஒலித்து, அவ்வொலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் பெருகப் பெருக நேரம் குறைந்தது. அனைத்தும் வந்து சேர்ந்தபோது ஏறத்தாழ ஒரு வினாடியாயிற்று. தம் உடையும் ஒலியை உறிஞ்சுவதை உணர்ந்து, சோதனைதோறும் ஒரே வகை உடையையே அணிந்தார். மண்டபத்தின் பருமன் மிகுந்தால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் மிகுந்தால் குறுகும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது. 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாஸ்டன் இசையரங்கம் அவ்விதியைத் துணைக்கொண்டு எழுந்ததாகும்.

மெத்தையின் நுண்துளைகளில் ஒலியலை புகும்போது ஆங்குள்ள காற்று அதிர்ந்து உராய்கிறது. ஒலியின் ஆற்றல் சிறிது வெப்பமாக மாறுகிறது. கம்பளமும் தடித்த திரைச்சீலையும் கூடியிருக்கும் மக்களும் இதே தொண்டைச் செய்கின்றனர். ஆயினும், உறிஞ்சுதல் வேறு, தடுத்தல் வேறு. தெருவின் இரைச்சலை மெத்தை தடுக்காது. அதனைத் தடுக்கக் கனத்த சுவரும், இடுக்கற மூடும் கதவும் வேண்டும். முட்டை அடுக்கும் காகிதத் தட்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு, அயலார் ஓசை அடங்கும் என எண்ணுவோர் இவ்வேறுபாட்டை அறியாதவரே. அத்தட்டுகளில் கனமும் இல்லை, செறிவும் இல்லை.

எனவே, புதுவழி என்பதனால் ஒன்றை இகழ்தலும் தவறு. மலிவு என்பதனால் ஆராயாது ஏற்றலும் தவறு. நோய் இன்னதென அறிந்து மருந்து தேடுவதே அறிவுடைமை. பள்ளி எழுப்புவோர் அடித்தளம் இடும் முன்னரே இதனை எண்ணுவாராயின், கடைசி இருக்கை மாணவனும் முதல் இருக்கை மாணவனும் ஒருங்கே கல்வி பெறுவர்.